விதிப்புத்தகமும் விற்பனைக் காரும்

கடையில் விலைகொடுத்து வாங்கிய ஸ்போர்ட்ஸ் காரைப் பந்தயச் சாலையில் ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு, ஓட்டலாம் என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிடலாம். ஆனால் அது எவ்வளவு காலம் தாங்கும், எந்த உறுப்பு முதலில் கெடும், கெட்டதை எந்த அளவுக்குத் திருத்தலாம் என்று அவர்கள் அடுத்தடுத்துக் கேட்கும்போது, அந்த விடை காரைச் செய்த தொழிற்சாலையிடம் பாதியும், பந்தயத்தை நடத்தும் சங்கத்தின் விதிப்புத்தகத்திடம் பாதியுமாகப் பிரிந்து கிடப்பதைக் காண்கிறோம். முதற்பாதியை எல்லோரும் ஆராய்கிறார்கள். எத்தனை குதிரைசக்தி, எத்தனை கிலோ எடை, பின்சக்கரம் இழுக்கிறதா முன்சக்கரம் இழுக்கிறதா என்பனவற்றை இளைஞர் எவரை எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். இரண்டாம் பாதியை, அதாவது கெட்டுப்போகும் என்று தெரிந்த உறுப்பை மாற்ற விதி இடங்கொடுக்கிறதா என்பதை, கார் வாங்கிய பிறகே பலர் படிக்கிறார்கள். இவ்வத்தியாயம் அந்த இரண்டாம் பாதியைப் பற்றியது. விற்பனைக் கார்களைக் கொண்டு பொழுதுபோக்காகப் பந்தயம் ஓட்டும் வழக்கம் மிகவும் விரிவாகவும் நெடுங்காலமாகவும் வேரூன்றியிருக்கும் தேசம் அமெரிக்காவாதலால், உதாரணங்களை அங்கிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா என்னும் சங்கம் 1944ஆம் ஆண்டில், யுத்தம் இன்னும் முடியாத சமயத்தில், பாஸ்டன் நகரத்துக் கார்ப் பிரியர்கள் சிலரால் ஆரம்பிக்கப்பட்டது. 1948 அக்டோபரில் நியூயார்க் மாகாணத்து வாட்கின்ஸ் கிளென் என்னும் சிற்றூரின் தெருக்களையும் அதைச் சுற்றிய மேட்டுப் பாதைகளையும் இணைத்து, 6.6 மைல் சுற்றளவுள்ள வழியில் அங்கே ஒரு பந்தயம் நடந்தது. வழியின் ஒரு பகுதி மண்பாதை, குறுக்கே ஒரு ரயில் தண்டவாளம். அதில் ஓடியவற்றில் இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய எம்.ஜி. டி.சி. என்னும் 1250 சி.சி. சிறுகார்களும் இருந்தன. வார நாட்களில் அலுவலகத்துக்குப் போய்வந்த அதே காரின் கண்ணாடியை மடக்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை பந்தயம் ஓட்டுவது என்னும் மனோபாவம் அக்காலத்தில் வேரூன்றியதுதான். காலப்போக்கில் அந்தச் சங்கம் விற்பனைக் கார்களை அவற்றின் வேகத்துக்குத் தக்கபடி ‘ஏ’ முதல் ‘எச்’ வரை எழுத்திட்டு ‘புரொடக்ஷன்’ வகுப்புகளாகப் பிரித்தது. 1970களின் ஆரம்பத்தில், அந்த வகுப்புகளில் செலவு எல்லை மீறிப்போனதைக் கண்டு, கார் கடையிலிருந்து வந்தபடியே ஓட வேண்டும் என்னும் கடுமையான நிபந்தனையோடு ‘ஷோரூம் ஸ்டாக்’ என்னும் வகுப்பை ஏற்படுத்தியது. அதிலிருந்து வயது கடந்த கார்களுக்குப் புகலிடமாக 1980களில் ‘இம்ப்ரூவ்டு டூரிங்’ வந்தது. 1990களின் இறுதியில் ஒரே மாதிரிக் காரை ஒரே மாதிரி ஸ்பிரிங், ஒரே மாதிரி டயர் ஆகியவற்றோடு ஓட்டும் ‘ஸ்பெக் மியாட்டா’ தோன்றியது. இந்த நான்கும் நான்கு விதமான நியாயங்கள். ஒரே கார் இந்த நான்கிலும் நான்கு விதமாகக் கெடும் என்பதைத்தான் வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

இவ்விதிகள் யாவற்றுக்கும் பொதுவான ஓர் அடிப்படை உண்டு: எது அனுமதிக்கப்படும் என்று எழுதப்பட்டிருக்கிறதோ அது மட்டுமே அனுமதி, எழுதப்படாதது யாவும் விலக்கு. சட்டப் பழக்கமுள்ளவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றக்கூடும், ஏனெனில் சாமானிய வாழ்க்கையில் தடை செய்யப்படாததெல்லாம் செய்யத்தக்கதே. ஆகவே ‘இதைச் செய்யக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?’ என்று பரிசோதகரிடம் வாதாடுவதில் பிரயோஜனம் இல்லை. பாதுகாப்புச் சாதனங்கள் மட்டும் எந்த வகுப்பிலும் கட்டாயம்: உருண்டாலும் நசுங்காத இரும்புக் கூண்டு, பந்தய இருக்கை, தோளையும் இடுப்பையும் இறுகப் பிணைக்கும் வார், தீயணைப்புக் கருவி. இவற்றில் கூண்டு, உயிரைக் காப்பதோடு, காரின் உடலை விறைப்பாக்கி, தகட்டில் வெடிப்பு விழுவதைத் தாமதப்படுத்தும் உபகாரத்தையும் செய்கிறது; அதை உத்தேசித்து எவரும் கூண்டு வைப்பதில்லை எனினும், பழைய திறந்த கார்களில் அந்த நன்மை கண்கூடு.

இனிக் காருக்கு என்ன நேர்கிறது என்பதைப் பார்ப்போம்; அதில் முதலாவது உஷ்ணம். ஓட்டுபவரையும் சேர்த்து 1100 கிலோ எடையுள்ள ஒரு சிறிய காரை, நகரத்தில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முற்றிலும் நிறுத்தும்போது பிரேக்குகள் உண்ணும் சக்தி ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ஜூல். அதே காரைப் பந்தயத்தில் 180 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு வளைவுக்காக 90க்குக் குறைக்கும்போது, அது நிற்கவேயில்லை என்றாலும், அந்தச் சக்தி பத்து லட்சம் ஜூலைத் தாண்டுகிறது. வேகம் இரட்டித்தால் சக்தி நான்கு மடங்காகும் என்னும் பௌதிக நியதியின் விளைவு இது. நகரத்தில் அடுத்த சிக்னல் வருவதற்குள் டிஸ்க் ஆறிவிடும். பந்தயத்தில் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மூன்று இடங்களில், அரைமணி நேரம் ஓய்வில்லாமல், இது திரும்பத் திரும்ப நிகழ்கிறது. தொழிற்சாலை கொடுத்த பிரேக் பேடு இந்த உஷ்ணத்தில் உராயும் தன்மையை இழந்துவிடும், அது முதற்கட்டம். அதைவிட அபாயமானது பிரேக் ஆயில் கொதிப்பது. டாட் 4 என்னும் தரத்துப் புதிய பிரேக் ஆயில் 230 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே கொதிக்கக்கூடாது என்பது அத்தரத்தின் நிபந்தனை. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சுபாவமுடையதாகையால், நிர்ணயித்த அளவு ஈரம் ஏறிய பிறகு அதே நிபந்தனை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்த ஆயிலில் ஆவிக்குமிழ்கள் தோன்றும். குமிழ் நசுங்குமேயன்றி அழுத்தத்தைக் கடத்தாது. மிதித்த பெடல் தரையைத் தொடும்.

நல்ல வேளையாக, பிரேக் பேடையும் பிரேக் ஆயிலையும் மாற்றிக்கொள்ளப் பெரும்பாலான வகுப்புகள் இடங்கொடுக்கின்றன. டிஸ்க்கின் அளவையோ காலிப்பரையோ மாற்றுவதற்குத்தான் கீழ் வகுப்புகளில் அனுமதி கிடையாது. ஆதலால் புதிதாகத் தொடங்குபவர் செலவிடும் முதற்பணம் என்ஜினுக்கு அன்று, பந்தய பேடுக்கும், ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னர் மாற்றும் புது ஆயிலுக்குமே போக வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். இதைச் சொல்லும்போது தலையசைக்கிறவர்களில் பாதிப்பேர் புகைக்குழாயை மாற்றிவிட்டு வருகிறார்கள். சப்தம் கம்பீரமாயிருக்கும் என்பதைத் தவிர அதனால் ஒரு லாபமும் இல்லை.

இரண்டாவது, ஆயிலின் இடமாற்றம். சாலைக் காரின் என்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் சம்ப் ஒரு திறந்த தொட்டி. அதன் அடியிலிருந்து ஒரு குழாய் உறிஞ்சிப் பம்புக்குக் கொடுக்கிறது. ஒட்டும் தன்மை மிக்க பந்தய டயர்களோடு நீண்ட வளைவில் கார் திரும்பும்போது, ஆயில் முழுவதும் தொட்டியின் ஒரு பக்கச் சுவரில் ஏறி நிற்க, குழாயின் வாய் காற்றைக் குடிக்கிறது. ஒரு விநாடி இரண்டு விநாடி என்று எண்ணத்தக்க அந்தச் சொற்ப நேரத்தில், கனெக்டிங் ராடின் பேரிங்குக்கும் கிராங்க் ஷாஃப்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய ஆயில் படலம் அறுபட்டு, உலோகம் உலோகத்தைத் தின்னத் தொடங்குகிறது. 1980களில் வெளிவந்த போர்ஷே 944 கார், எடைப் பங்கீட்டிலும் திரும்பும் நயத்திலும் அமெச்சூர்களுக்கு வரப்பிரசாதமாக அமைந்திருந்தும், அதன் இரண்டாவது ராடின் பேரிங் இவ்வாறு போய்விடுவது பந்தயக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். பழகியவர்கள் ஆயிலைக் குறித்த அளவுக்குச் சற்று மேலாகவே ஊற்றுகிறார்கள், அடிக்கடி மாற்றுகிறார்கள், சம்புக்குள் தடுப்புத் தகடு வைக்க விதி அனுமதித்தால் அதை வைக்காமல் ஒரு சுற்றுக்கூட ஓட்டுவதில்லை. செவர்லே கார்வெட் போன்ற சக்தி வாய்ந்த கார்களும் இந்த வியாதிக்கு விலக்கல்ல. 2006ஆம் ஆண்டின் ‘இசட் 06’ மாதிரியில்தான் ஆயிலைத் தனித் தொட்டியில் வைத்துப் பம்புகளால் சுழற்றும் ஏற்பாட்டைத் தொழிற்சாலையே செய்து கொடுத்தது.

மூன்றாவதாகச் சக்கரத்தின் பேரிங்கைச் சொல்ல வேண்டும். இதை விரிவாகச் சொல்வதற்கு மாஸ்டா மியாட்டாவைப் போல வாய்ப்பான கார் வேறில்லை. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான இந்தக் கார், 1.6 லிட்டர் என்ஜினும் 116 குதிரைசக்தியும் கொண்டு, ஆயிரம் கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடையோடு வந்தது. சக்தி குறைவு, எடை குறைவு. இந்த இரண்டு குறைவுகளே அதன் ஆயுளின் இரகசியம். பிரேக் தாங்குகிறது, டயர் தாங்குகிறது, கியர் பெட்டி தாங்குகிறது. தாங்காதது முன்சக்கர ஹப். வளைவின் வெளிப்பக்கத்து முன்சக்கரம் காரின் பாரத்தில் பெரும்பங்கை ஏற்று, பந்தய டயரின் பிடிப்பினால் பக்கவாட்டில் நெரிபடும்போது, சாலைக்கென்று செய்த அந்த மூடிய பேரிங்கின் கிரீஸ் உஷ்ணத்தால் இளகி, குண்டுகள் தம் பாதையைக் குழியாக்கத் தொடங்குகின்றன. அதன் முதல் அறிகுறி ஓசையல்ல. சக்கரம் சற்றே ஆடுவதால் டிஸ்க்கும் ஆடி, பிரேக் பேடுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. அடுத்த வளைவில் ஓட்டுபவரின் கால் வழக்கத்தைவிட நீண்ட தூரம் போகிறது. பிரேக்கில் காற்று புகுந்துவிட்டது என்று நினைத்து ஆயிலை மாற்றிக்கொண்டிருப்பவர்களைப் பந்தய மைதானத்தில் அடிக்கடி காணலாம். காரை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் கையை வைத்து அசைத்துப் பார்த்தால் அரை நிமிஷத்தில் உண்மை தெரிந்துவிடும்.

இக்காரில் வேறு குறைகளும் உண்டு. 1990லும் 1991இன் முற்பகுதியிலும் வந்த என்ஜின்களில் கிராங்க் ஷாஃப்டின் முன்முனை குட்டையாக இருந்ததால், அங்கே பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும் சாவி தேய்ந்து, என்ஜினின் நேரக்கணக்கு தவறிவிடும். அந்த மாதிரிகளை வாங்கும்போது எச்சரிக்கை வேண்டும். 1.6 லிட்டர் மாதிரிகளின் டிஃபரென்ஷியல் சிறியது, 1994இல் 1.8 லிட்டர் என்ஜினோடு வந்தது பெரியது. இவற்றையெல்லாம்விட ரஸமானது தண்ணீர் ஓடும் வழி. இந்த என்ஜின் குடும்பம் முதலில் என்ஜின் குறுக்குவாட்டில் அமைந்த மாஸ்டா 323 காருக்காகச் செய்யப்பட்டது. அங்கே தண்ணீர் என்ஜினின் ஒரு கோடியில் புகுந்து மறுகோடியில் வெளியேறியது. மியாட்டாவில் என்ஜினை நெடுவாட்டில் வைத்தபோது, வெளியேறும் வாயை முன்பக்கத்துக்கே கொண்டுவந்து விட்டார்கள். விளைவு, கடைசிச் சிலிண்டருக்குப் பக்கத்தில் தண்ணீர் மந்தமாகவே ஓடுகிறது. இதைத் திருத்தும் மாற்றுக்குழாய் ஏற்பாடு எளிது, கடையிலும் கிடைக்கிறது. ஆனால் ஸ்பெக் மியாட்டா விதிகள் ரேடியேட்டரைப் பெரிதாக்கிக்கொள்ள இடங்கொடுக்கின்றனவே தவிர, தண்ணீரின் வழியை மாற்ற இடங்கொடுக்கவில்லை. ஆகவே அவ்வகுப்பில் ஓடுபவர் செய்யத்தக்கது, நல்ல ரேடியேட்டரைப் பொருத்துவதும், ரேடியேட்டருக்கு வரும் காற்று பக்கவாட்டில் நழுவாதபடி தகடுகளால் அடைப்பதும், உஷ்ணமானியைக் கண்ணில் படும் இடத்தில் வைப்பதுமே. வேறு வகுப்பில், சற்று விசாலமான விதிகளின் கீழ் ஓடும் அதே கார் இந்தக் கவலையிலிருந்து முற்றிலும் விடுபட்டுவிடுகிறது.

விதி தளர்ந்தால் ஆயுள் கூடும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக்கூடாது. பெரும்பாலும் நேர்வது அதற்கு எதிர்மாறு. 1958இல் வந்த ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் காரின் 948 சி.சி. என்ஜின், தொழிற்சாலையிலிருந்து 43 குதிரைசக்தியோடு புறப்பட்டது. அதன் கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் மெயின் பேரிங்குகள் மூன்றே. ‘எச் புரொடக்ஷன்’ வகுப்பில் கேம் ஷாஃப்ட், அழுத்த விகிதம், வால்வு முதலியவற்றை மாற்ற அனுமதி கிடைத்ததும், அதே என்ஜினிலிருந்து அதன் சிருஷ்டிகர்த்தாக்கள் கனவிலும் கருதாத சக்தியைப் பல பத்தாண்டுகளாகக் கறந்து வந்திருக்கிறார்கள். வென்றவர்கள் உண்டு, ஆனால் அந்த என்ஜின்களைப் பருவந்தோறும் பிரித்துச் சேர்க்க வேண்டும், இரு முனைகளுக்கு நடுவே வளைந்து நெளியும் கிராங்க் ஷாஃப்டில் மயிரிழை வெடிப்பு விழுந்திருக்கிறதா என்று காந்தப் பரிசோதனை செய்ய வேண்டும். மாற்ற அனுமதிக்கும் விதி மாற்றும்படி நிர்ப்பந்திக்கும் விதியாகவும் ஆகிவிடுகிறது, ஏனெனில் பக்கத்துக் கார்க்காரர் மாற்றியிருப்பார். ஷோரூம் ஸ்டாக்கில் பலவீனமான உறுப்பு செத்தது. புரொடக்ஷனில் பலமான உறுப்பையே சாகும் அளவுக்கு வேலை வாங்குகிறார்கள். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள இம்ப்ரூவ்டு டூரிங் வகுப்பையே, ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், பேடு, புகைக்குழாய் இவற்றோடு மாற்றங்கள் பெரும்பாலும் நின்றுவிடுவதால், பணப்பையைக் கருதி வருபவர்களுக்கு நான் சிபாரிசு செய்வேன். ஆனால் எந்தக் காருக்கும் வெற்றி வாய்ப்பை உறுதி சொல்வதில்லை என்று அவ்வகுப்பின் விதிகளே முன்கூட்டிச் சொல்லிவிடுகின்றன என்பதையும் மறக்கலாகாது.

தொழிற்சாலைகள் பந்தயத்திலிருந்து கற்றுக்கொண்டதும் உண்டு. 1970இல் வந்த டாட்ஸன் 240 இசட் காரை, பீட்டர் பிராக் என்பவரின் குழு கலிபோர்னியாவில் பந்தயத்துக்குத் தயார் செய்தபோது, உயர்ந்த சுழற்சியில் கிராங்க் ஷாஃப்ட் தாளம் தவறி அதிர்வதைக் கண்டுபிடித்து ஜப்பானுக்குத் தெரிவித்தது. நிஸான் கம்பெனி கிராங்க் ஷாஃப்டையே மாற்றி அமைத்தது. அந்தக் குழுவின் ஜான் மோர்ட்டன் 1970, 1971 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ‘சி புரொடக்ஷன்’ தேசிய விருதை வென்றார். 1985 முதல் 1987 வரை ஷோரூம் ஸ்டாக் நெடும்பந்தயங்களில் கார்வெட் ஒன்றுவிடாமல் வென்றதும், அதனால் மற்றவர்கள் மனம் சலித்து, 1988இல் கார்வெட்டுகளைத் தனியே ஒரு தொடராகப் பிரித்து ஓட்டும்படி நேர்ந்ததும் இதே இனத்தைச் சேர்ந்த வரலாறு. 1988 மாதிரிக் கார்வெட்டில் பிரேக்குகள் பெரிதாக்கப்பட்டதை இந்த நெடும்பந்தயங்களோடு சேர்த்து நோக்குபவர்கள் தவறு செய்யவில்லை என்பேன்.

கியர் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது கெடுவது பெரும்பாலும் கையினால். மூன்றிலிருந்து நான்குக்குப் போக வேண்டியவர் அவசரத்தில் இரண்டில் தள்ளிவிட்டால், சக்கரங்கள் என்ஜினைச் சுழற்றும். எந்த மின்சாரக் கட்டுப்பாடும் அதைத் தடுக்க முடியாது. நிமிஷத்துக்கு 9000 சுழற்சிவரை செல்லத்தக்க ஹோண்டா எஸ் 2000 காரின் முதல் மாதிரிகளில், இவ்விதம் ஒரு முறை நேர்ந்தால் வால்வு ஸ்பிரிங்கைப் பிடிக்கும் ரிடெய்னரில் வெடிப்பு விழுந்து, அன்று ஒன்றும் நேராமல், பல வாரங்கள் கழித்து வால்வு என்ஜினுக்குள் விழுவது உண்டு. பி.எம்.டபிள்யூ. மூன்றாம் வரிசைக் கார்களில், 1990களின் ஆறு சிலிண்டர் மாதிரிகளுக்கு ஆயில் பம்பின் பல்சக்கரத்தைப் பிடிக்கும் நட்டு கழலும் வழக்கமும், பிளாஸ்டிக்கினாலான குளிரூட்டும் உறுப்புகள் நொறுங்கும் வழக்கமும் உண்டு. நட்டை ஒரு கம்பியால் கட்டிவிடுவது சில ரூபாய்ச் செலவு, கட்டாமல் விட்டால் ஒரு என்ஜின்.

கார் வாங்கப் போகிறவர் முதலில் வகுப்பைத் தேர்ந்துகொண்டு, அவ்வகுப்பின் விதிகளைத் தம் காருக்குரிய வரிவரை படித்து, அக்காரில் கெடுவது இன்னின்னது என்று பழகியவர்களிடம் கேட்டறிந்து, அவற்றுள் எத்தனைக்கு விதி மருந்து கொடுக்கிறது என்று எண்ணிப் பார்த்து, அதன் பின்னரே பணத்தை எடுக்க வேண்டும். புதிதாகக் கட்டுவதைவிட, ஏற்கெனவே பந்தயத்துக்குத் தயார் செய்த காரை வாங்குவதே பெரும்பாலும் சிக்கனம். கூண்டுக்கும் இருக்கைக்கும் முந்திய சொந்தக்காரர் செலவிட்ட பணத்தில் பெரும்பகுதி விற்கும்போது திரும்பி வருவதில்லை. அமெரிக்கச் சங்கம் ஒவ்வொரு பந்தயக் காருக்கும் ஒரு குறிப்பேடு கொடுத்து, விபத்தையும் பரிசோதகர் கண்ட குறைகளையும் அதில் எழுதுவிக்கிறது. அதைக் காட்டத் தயங்குகிற விற்பவரிடமிருந்து விலகிவிடுவதே உசிதம். குறிப்பேட்டில் முன்பக்க மோதல் எழுதியிருந்தால், சஸ்பென்ஷன் கைகள் உடலோடு சேரும் இடங்களின் வெல்டிங்கை விளக்குப் பிடித்துப் பார்க்க வேண்டும். புதுப் பெயிண்ட் அங்கே மட்டும் பளபளத்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், அல்லது வீட்டுக்குத் திரும்பலாம்.

பந்தயம் முடிந்து கார் பிட்டுக்கு வந்தவுடன் கைப்பிரேக்கைப் போடக்கூடாது; சூடான பேடு டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, கார் ஆறுவதற்கு முன்பாகவே டயரின் உட்புறம், நடு, வெளிப்புறம் ஆகிய மூன்றிடத்தும் உஷ்ணத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆறிய பிறகு நான்கு சக்கரங்களையும் தூக்கி அசைத்துப் பார்த்து, சக்கர நட்டுகளை டார்க் ரென்ச் வைத்து இறுக்கி, ஸ்டட் ஒன்று நீண்டதாகவோ இழை நைந்ததாகவோ தோன்றினால் அன்றே மாற்றிவிட வேண்டும். டிஸ்க்கில் விளிம்பைத் தொடாத சிறு வெடிப்புகள் சகஜம். விளிம்பை எட்டிய வெடிப்பு ஒன்று இருந்தாலும் அந்த டிஸ்க் பழைய இரும்புக் கடைக்குத்தான். ஆயிலை வடிக்கும்போது ஃபில்டரை வெட்டிப் பிரித்து, மடிப்புகளுக்குள் செம்பு நிறத் துகள்கள் மின்னுகின்றனவா என்று வெயிலில் பார்க்க வேண்டும். மின்னினால் பேரிங் போகத் தொடங்கிவிட்டது என்று பொருள், அடுத்த வாரப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாலும் திரும்பப் பெற்றுக்கொள்வதே நலம். மியாட்டா வைத்திருப்பவர், பேரிங்கோடு கூடிய முன்சக்கர ஹப் இரண்டும், அந்த ஹப் நட்டுக்குச் சரியான சாக்கெட்டும், அதைத் திருகப் போதிய நீளமுள்ள கைப்பிடியும் டிக்கியில் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பக்கூடாது.